பாயைச் சுருட்டும் இடத்தில் ஒரு பிடில்

அந்தக் காலத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன சாதி, கறி சமைப்பீர்களா, எத்தனை பிள்ளைகள், ஊரிலிருந்து ஆள் வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நாங்கள் பார்க்கப் போன வீட்டின் சொந்தக்கார அம்மாள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து தம்புராவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“சினிமாப் பாட்டு உண்டா?”

என் வீட்டுக்காரர் கால்நடைப் பண்ணையில் கம்பவுண்டராக அப்போதுதான் சேர்ந்திருந்தார். மாட்டுக்கு மருந்து கலக்கும் வேலை. இப்படிப்பட்ட கேள்வியெல்லாம் மாடு கேட்பதில்லை என்பதால் அவருக்குப் பழக்கமில்லை. “இல்லீங்கம்மா, எங்ககிட்ட ரேடியோ எல்லாம் இல்லீங்க” என்றார்.

“ரேடியோவைக் கேக்கலே. வாயிலே. குளிக்கறப்போ, துணி துவைக்கறப்போ, முணுமுணுக்கிற வழக்கம்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் கடலைக்காய் பறிக்கப் போனால் செடிக்கு ஒரு பாட்டு என்று பாடுகிறவள் நான். அத்தனையும் சினிமாப் பாட்டு. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு எனக்காகச் சொன்ன முதல் பொய்யை அங்கே சொன்னார்.

“அவளுக்குப் பாட்டே வராதுங்க.”

சாவி உடனே கிடைத்தது. கறி சமைத்துக்கொள்ளலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, “தாராளமா சமைச்சுக்கோ. வாசனை காத்துலே போயிடும். அபசுரம் போகாது” என்றார். அவர்கள் வீட்டில் வெங்காயம்கூட வாரத்தில் சில நாள்தான். ஆனால் எங்கள் குழம்பில் கிடந்த கோழி அவர் கண்ணில் பட்டதே இல்லை. காதில் படாத எதையும் அவர் குற்றமாக எடுத்துக்கொண்டது கிடையாது.

ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லி. மூக்கில் எட்டுக்கல் பேசரி. வீட்டுப் பேச்சு கன்னடம், எங்களோடு தமிழ், பால்காரரோடு தெலுங்கு. மூன்று பாஷையிலும் திட்டுவார். திட்டுவதுகூட ஒரே சுருதியில் இருக்கும். பிள்ளைகுட்டி இல்லை. கணவர் காட்டு இலாகாவில் வேலை பார்த்து, நான்கு குடித்தனம் இருக்கும்படி இந்த வீட்டைக் கட்டி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் இறந்த பதின்மூன்றாம் நாள் பஜனைக் கோஷ்டி வந்து பாடியபோது, இந்த அம்மாள் அழுகையில் சரிந்து விழுவார் என்று தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்கள் பக்கத்தில் தயாராக நின்றார்களாம். அம்மாள் எழுந்து கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தி, “சுருதி இறங்கிப் போச்சு. மறுபடியும் முதல்லேருந்து” என்றாராம். கோஷ்டித் தலைவர் இந்தக் கதையை எங்கே சொன்னாலும் கடைசியில், “கல்லுங்க, கல்லு” என்று முடிப்பார். அவர் அன்றைக்குச் சுருதி சேர்ந்து பாடினாரா என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

அந்த வருஷங்களில் சர்க்கார் ரேடியோவே சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்தது. ஊரெல்லாம் காதைக் கடல் தாண்டி இலங்கைப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. வீட்டம்மாவுக்கு அதில் பெரிய திருப்தி. டில்லியில் இருப்பவர்கள் மத்திகிரிக்கு ஆள் அனுப்பித் தன்னைக் கலந்துகொண்டுதான் அந்த உத்தரவைப் போட்டார்கள் என்பதுபோலப் பேசுவார். “இப்போதான் புத்தி வந்திருக்கு” என்பார்.

எங்கள் குட்டு என் மகள் பிறந்த பிறகு உடைந்தது. குழந்தை ஒரு நாள் மத்தியானம் ஏணையில் கிடந்து வீரிட்டு அழுதது. ஆட்டி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். வீட்டம்மா உள்ளே வந்து, “நகரு” என்று ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீலாம்பரி பாடினார். நீலாம்பரி பாடினால் தூங்காத குழந்தை உலகத்தில் இல்லை என்று சாஸ்திரமே இருக்கிறதாம். என் மகள் சாஸ்திரம் படிக்காதவள். இன்னும் பெரிதாகக் கத்தினாள். கடைசியில் பொறுக்க முடியாமல் என்னை அறியாமல் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தேன். இரண்டாவது வரியில் குழந்தை கண்ணை மூடிவிட்டது.

வீடு காலி செய்ய வேண்டியதுதான் என்று நினைத்தேன். வீட்டம்மா கயிற்றை விடவில்லை.

“இதைச் சினிமாப் பாட்டுன்னு யார் சொன்னா?” என்றார்.

“படத்துல வருதுங்களேம்மா.”

“வரும். திருடினவன் வீட்டுலே பாத்திரம் இருந்தா அது அவன் பாத்திரம் ஆயிடுமா? இது சுத்தமான ஆனந்த பைரவி. நீ பாடலாம்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பர்மிட் முறை அமலுக்கு வந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரில் பர்மிட் கேட்டு அலைந்த காலம்தான். பாட்டுக்கும் அலைந்தவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். புதுப்பாட்டு ஏதாவது பிடித்துப்போனால் அம்மாள் முன்னால் போய் நின்று மெட்டை ஒரு முறை பாடிக் காட்ட வேண்டும். ராகம் பிடிபட்டால் அனுமதி. பிடிபடாவிட்டால், “இது எச்சில் கலவை. வாயைக் கொப்பளிச்சுட்டு வா.”

பக்கத்துப் போர்ஷனில் முனிரத்தினம் என்று ஒரு பஸ் கண்டக்டர் இருந்தான். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஓடும் பஸ். தெலுங்குக்காரன், கல்யாணம் ஆகாதவன், வாய் சும்மா இருக்காது. அவன் பர்மிட் வாங்கக் குறுக்குவழி கண்டுபிடித்தான். பாட்டோடு ராகத்தின் பெயரையும் தானே சொல்லிவிடுவான்.

“இது இந்தோளமுங்க அம்மகாரு.”

“யார் சொன்னது?”

“சூளகிரில ஏறுன ஒரு பெரியவர் சொன்னாருங்க.”

“அப்படியா? ஆரோகணம் சொல்லு பார்ப்போம்.”

“வண்டிக்கு நேரமாச்சுங்க அம்மகாரு” என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடியே போய்விடுவான்.

மூன்றாவது போர்ஷனில் அருளம்மா டீச்சர். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஹார்மோனியம் வைத்துக்கொண்டு ஞானப்பாட்டு பாடுவார். இதற்கு வீட்டம்மா பல நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஏசுவுக்குப் பாடுவதில் ஆட்சேபம் இல்லை. ஹார்மோனியம் மட்டும் கூடாது, அதில் சுரத்தை அசைக்க முடியாது, கமகம் வராது.

“கர்த்தர் கமகம் கேக்கறதில்லீங்களே” என்றார் டீச்சர்.

“கேக்கிறவருக்குத் தெரியாட்டா பாடறவருக்குத் தெரியணும்” என்றார் வீட்டம்மா. டீச்சர் அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரைத் துதித்தார்.

இப்படிப்பட்டவர் ஓசூர் டெண்ட் கொட்டகைக்குப் போனதற்கு நான்தான் சாட்சி. ஏதோ ஒரு குடும்பப் படத்தில் மெட்ராஸ் கச்சேரி வித்வான் ஒருவரே பாடியிருக்கிறார் என்று நோட்டீஸ் வந்தது. வீட்டம்மா அதை இரண்டு முறை படித்தார். “போய்ப் பார்த்துட்டு வந்துதான் திட்டணும். பார்க்காம திட்டறது பாவம்” என்று சொல்லி, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாயங்கால ஆட்டத்துக்குப் புறப்பட்டார். கருமாதிக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினார்.

வித்வான் பாட்டு வந்தது. அம்மாள் தொடையில் விரலால் தாளம் எண்ணிக்கொண்டு கேட்டார். “பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் மூணு நிமிஷத்துலே. சங்கீதமா, தந்தியா?” என்று என் காதில் சொன்னார். நினைத்தது நடந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அப்போதே எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நடுவில் எழுந்தால் மணலில் உட்கார்ந்திருப்பவர்களை மிதிக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு அப்புறம் அந்த இடம். மூத்த மகன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுகிறான். விடிந்ததும் தாய்க்காரி வந்து பார்க்கிறாள். பாய் விரித்தபடி கிடக்கிறது. கீழே உட்கார்ந்து அதை மெதுவாகச் சுருட்டுகிறாள். அவ்வளவுதான். பேச்சில்லை. பாட்டில்லை. பின்னால் ஒரே ஒரு பிடில், அதற்கு அடியில் தாழ்ந்த குரலில் இன்னும் நாலைந்து. பாய் சுருண்டு முடிவதற்குள் அதுவும் முடிந்துவிட்டது.

மணலில் இருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். நானும்தான். ஊறுகாய் ஜாடி உடைந்தால்கூட சினிமாவில் நான் அழுவேன், அது பெரிசில்லை. திரும்பிப் பார்த்தால் வீட்டம்மாவின் பேசரி நனைந்திருந்தது. அவர் கையால் கன்னத்தைத் தொட்டு, விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கொட்டகையின் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது.

படம் முடிந்து ஜட்காவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“எனக்குப் பிள்ளையா, குட்டியா? யார் ஓடிப்போனா? எதுக்கு அழுதேன் நான்?”

“கதை அப்படிங்கம்மா.”

“கதையா? அந்தக் கதை அரைகுறைக் கதை. நாளைக்கே அந்தப் பையன் திரும்பி வந்துடுவான், நீயும் பார்த்தேதானே. கதைக்கு நான் அழலே. அந்தப் பிடில். அது என்ன ராகம்?”

எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியவில்லை. அவருக்கு ஒரு மெட்டு தெரியாமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். பாய் சுருட்டும் இடம் வந்ததும் கழுத்தை முன்னால் நீட்டி உட்காருவார். முடிந்ததும், “சாக்கு, ஏளு” என்று கன்னடத்தில், போதும் எழுந்திரு என்று சொல்லி எழுந்துவிடுவார். மிதிபடுகிறவர்களைப் பற்றி இப்போது கவலைப்படவில்லை. ஒரு நாள் வீட்டிலிருந்து சுருதிப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்துவிட்டார். அந்த இடம் வந்ததும் மடியில் வைத்து அமுக்கத் தொடங்கினார்.

“எவ அவ பஜனை பண்றது?” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்.

“யம்மா, பொட்டிய மூடுங்க! படம் கேக்கல!”

டிக்கெட் கிழிக்கிறவன் ஓடி வந்தான். அம்மாள் அவனிடம், “அந்த ரீலை மட்டும் மறுபடி ஒரு தடவை போடு, கண்டுபிடிச்சுடறேன்” என்றார். அவன் எங்கள் இருவரையும் மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டான். கச்சேரியில் பக்கத்தில் இருப்பவர் செருமினாலே முறைத்துப் பார்க்கிற அம்மாள், சத்தம் போட்டதற்காகக் கொட்டகையிலிருந்து அனுப்பப்பட்டார். முனிரத்தினத்துக்கு இது எட்டியபோது அவன் மூன்று ட்ரிப் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தான் என்று சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா டீச்சர் கதவைத் தட்டினார். “அந்தப் பெட்டியை எடு” என்றார். டீச்சர் பயந்துகொண்டே ஹார்மோனியத்தைத் திறந்தார். அம்மாள் மெட்டைப் பாட, டீச்சர் கட்டை கட்டையாகத் தேடி வாசித்தார். ஒரு மத்தியானம் பூராவும் நடந்தது. கடைசியில் அம்மாள் வெளியே வந்து என்னிடம் சொன்னது:

“ரெண்டு காந்தாரமும் ஒரே மூச்சுலே வருது. அதுகூடத் தொலையட்டும். பாதியிலே ஷட்ஜத்தையே மாத்திட்டான்ம்மா! ஆதார சுருதியை மாத்தறதும் கட்டின புருஷனை மாத்தறதும் ஒண்ணு. மாத்திட்டு, அடுத்த அடியிலே ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துக்கறான்.”

“அப்ப அது தப்புங்களாம்மா?”

“தப்புதான்” என்றார். உள்ளே போகத் திரும்பியவர், “தப்புன்னா அழுகை ஏன் சரியா வந்தது?” என்றார்.

அந்த வருஷம் ஸ்ரீராமநவமி வந்தது. ஓசூரில் பந்தல் போட்டு, பெங்களூரிலிருந்து வித்வான் ஒருவரை வரவழைத்துக் கச்சேரி வைப்பார்கள். புளி மண்டிக்காரர் ஒருவர் சபைக்குத் தலைவர். கச்சேரி தொடங்கினதும் தூங்கிப்போய், கைத்தட்டல் கேட்டு விழித்து, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவதுதான் அவருடைய சங்கீத ஞானம். முன்வரிசையில் நடு நாற்காலி வீட்டம்மாவுக்கு. கணவர் காலத்திலிருந்து வந்த உரிமை. வித்வான்கள் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் பாடுவார்கள். அங்கே தலை அசைந்தால் ராகம் சரி, விரல் நின்றுபோனால் தாளம் பிசகிவிட்டது என்று அர்த்தம். வருஷத்தில் மீதி நாளெல்லாம் குடித்தனக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு அவர் உயிரோடு இருந்ததே அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அன்றைக்கு வித்வான் மூன்று மணி நேரம் பாடினார். மங்களம் முடிந்து, சால்வை போர்த்தி, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டம்மா மேடைக்குக் கீழே போய் நின்றார். பேச்சு கன்னடத்தில் நடந்தது. அதற்குள் எனக்குக் கன்னடம் நன்றாகவே புரியும்.

“ஒரு சந்தேகம். இது என்ன ராகம்னு நீங்கதான் சொல்லணும்” என்று அந்த மெட்டைச் சொல் இல்லாமல் பாடிக் காட்டினார்.

வித்வான் கண்ணை மூடித் தலையாட்டினார். பாதியில் தலை நின்றது. கண்ணைத் திறந்தார்.

“எங்கே கேட்டீங்க இதை?”

“டெண்ட் கொட்டகையிலே. ஒருத்தி பாயைச் சுருட்டறா. அப்போ வருது.”

பந்தல் கொல்லென்று சிரித்தது. வித்வானும் சிரித்தார். நல்ல மனுஷர்தான், பொறுமையாகவே சொன்னார். “அது சங்கீதம் இல்லேம்மா. படத்துக்குப் பின்னாலே ஒப்பேத்தற சத்தம். மழைச் சத்தம், கதவு சாத்தற சத்தம் மாதிரி அதுவும் ஒண்ணு. படத்தை எடுத்துட்டா அதுக்கு உசிர் ஏது? சங்கீதம்னா தனியா நிக்கணும்.”

வீட்டம்மா யோசித்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷி நிஜமாகவே யோசிப்பதை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

“நீங்க சொல்றது நியாயம். தனியா நிக்கலே. வீட்டுலே பாடிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலே. ஆனா அங்கே அழுதேன். நீங்க இன்னிக்கு முகாரியை அவ்வளவு விஸ்தாரமாப் பாடினீங்க. ஒரு தப்புக் கிடையாது. நான் விரல் எண்ணிண்டு உட்கார்ந்திருந்தேன். தனியா நின்னு அது என்னை என்ன பண்ணித்து?”

பந்தலில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் மண்டிக்காரர் விழித்துக்கொண்டு, ஏதோ முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்.

வித்வான் சாப்பிடாமல் பெங்களூருக்குக் கிளம்பிப் போனார். சபையில் ஒரே கொந்தளிப்பு. இத்தனை வருஷம் கச்சேரியில் கொட்டாவி விட்டவர்களுக்கெல்லாம் அன்றைக்குத் திடீரென்று சங்கீதத்தின் மேல் பக்தி பொங்கிவிட்டது. டெண்ட்டில் அந்தப் படத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர்கள்தான் அதிகமாகக் கொதித்தார்கள்.

மறுநாள் காலையில் முனிரத்தினம் கிணற்றடியில் நின்று, ராகமே இல்லாத பாட்டு ஒன்றைத் தொண்டை கிழியப் பாடினான். அம்மாள் கட்சி மாறிவிட்டார் என்று அவனுக்கு நினைப்பு.

“யாருடா அது? கொப்பளி வாயை!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“என்னங்க அம்மகாரு, நேத்து சினிமாதான் ஒசத்தின்னு சொன்னீங்களாமே!”

“நான் எப்போடா சொன்னேன்? அந்த இடத்துலே பாட்டே கிடையாது. எவனாவது பாடித் தொலைச்சிருந்தா நான் ஏன் அழப்போறேன்?”

ஆக, கச்சேரிக்காரர்களும் அவரைச் சேர்க்கவில்லை, சினிமாக்காரர்களும் அவரைச் சேர்த்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. சபையில் அவருக்குச் சொல்லி அனுப்புவதை நிறுத்தினார்கள். கடைவீதியில் அவரைக் கண்டால், “என்னங்கம்மா, இன்னிக்கு எந்தக் கொட்டாய்ல கச்சேரி?” என்று கேட்பார்கள். அவர் நடந்துகொண்டே இருப்பார். வீட்டில் தம்புராவை மீட்டிக்கொண்டு பாட்டு ஒன்றும் தொடங்காமல் உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ராமநவமிக்குக் கொஞ்ச நாள் முன்பு மண்டிக்காரர் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு இந்த அம்மாள் மேல் மரியாதை உண்டு. உண்மையைச் சொன்னால், யார் தலையசைப்பைப் பார்த்துக் கைதட்டுவது என்று தெரியாமல் அவரும் தவித்திருப்பார்.

“அதே வித்வான்தாங்க வர்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னிக்கு விளையாட்டாக் கேட்டேன்னு. நாற்காலி உங்களதுதான், வேற யாரும் உக்கார மாட்டாங்க.”

வீட்டம்மா நெடுநேரம் பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆசை இருந்தது. கதவோரத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது. சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“விளையாட்டுக்கு யாராவது அழுவாங்களா?” என்றார்.

மண்டிக்காரர் எழுந்து போனார்.

ராமநவமி அன்று சாயங்காலம் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டார். கச்சேரிக்கு மட்டும் கட்டும் அரக்குப் பட்டுப் புடவையில் இருந்தார், தலையில் பூ மட்டும் இல்லை. “கிளம்பு. டெண்ட்டுக்கு” என்றார். ஜட்கா பந்தலைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நேராகக் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொட்டகையில் ராஜா ராணிப் படம். கத்திச் சண்டை, குதிரை, மாயக் கிணறு எல்லாம் உண்டு. முன்வரிசை நாற்காலியில் பட்டுப் புடவையோடு அவர் உட்கார, டிக்கெட் கிழிக்கிறவன் முதல் வேலையாக மடியில் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். இடைவேளையில், “குதிரைக்கு நல்லா வாசிச்சிருக்கான். ராஜாவுக்குத்தான் ஒண்ணும் வரலே” என்றார்.

கடைசி ரீலுக்கு முன்னால் ராஜகுமாரன் தாய் மடியில் தலை வைத்துச் செத்துப்போகிறான். பேச்சில்லை, பாட்டில்லை, பிடில் மட்டும். கொட்டகையே அழுதது. ஆண்கள் பக்கத்தில் முனிரத்தினம் பெரிதாக மூக்கைச் சிந்துவது எனக்குக் கேட்டது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வீட்டம்மா கழுத்தை முன்னால் நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார். தொடையில் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“சுபபந்துவராளி” என்றார். “முதல் இழைப்புலேயே தெரிஞ்சு போச்சும்மா.”

“நல்லாத்தானேங்கம்மா இருந்துச்சு.”

“நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பேர் தெரியாம இருக்கணும்.”

ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். வெளிச்சத்தில் அவர் பட்டின் மடிப்பைச் சரி செய்துகொண்டார். விளக்கு அணைந்து படம் மறுபடி ஓடத் தொடங்கியதும், தொடையிலிருந்து வலது கையை எடுத்து, இடது கைக்குள் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டார்.